அதிகம் அறியப்படாத இடங்களைக் காட்டும் பயணக் கையேடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டம் எட்டாத ஊர்கள், யாரும் எழுதாத கோயில்கள், பெயர் தெரியாத அருவிகள் என்று அட்டையிலேயே வாக்குக் கொடுக்கும் கையேடுகள் இப்போது புத்தகக் காட்சியிலும் கிடைக்கின்றன, பஸ் நிலையக் கடையிலும் கிடைக்கின்றன. அவற்றில் சில வாழ்நாள் முழுக்கப் பையில் வைத்துக்கொள்ளத் தக்கவை. பல, நாற்காலியை விட்டு எழாமல் தொகுக்கப்பட்டவை. எது எந்த வகை என்று தெரிந்துகொள்ள வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் தமிழகத்தைச் சேர்ந்தவை. புதுக்கோட்டை மாவட்டம் அடிக்கடி வரும். கையேடுகளை உரசிப் பார்க்க அதைவிட நல்ல மாவட்டம் எனக்குத் தெரியவில்லை.

‘அறியப்படாத இடம்’ என்கிறார்களே, யாருக்கு அறியப்படாதது?

நூலை வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். 1620இல் டேனியர்கள் அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கினார். தமிழில் புதிய ஏற்பாடு அங்கேதான் அச்சானது. பள்ளிப் பாடத்திலேயே வரும் ஊர் அது. அதை ‘எவரும் அறியாத கடற்கரை’ என்று எழுதுவது உண்மையல்ல. ‘பெயரை எல்லோரும் படித்திருக்கிறோம், நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகும் வழியில் இறங்கி நடந்தவர்கள் குறைவு’ என்று எழுதினால் அது நேர்மை. அப்படி எழுதுபவரை மேற்கொண்டு படிக்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு. சென்னைக்காரருக்குத் தெரியாத மலை, அடிவாரத்து ஊருக்கு ஆடு மேய்க்கும் நிலமாகவும் குலதெய்வம் குடியிருக்கும் இடமாகவும் இருக்கும். ‘நான் கண்டுபிடித்த இடம்’ என்று எழுதும் ஆசிரியரை நான் நம்புவதில்லை. அங்கே அவருக்கு வழி காட்டியவர் ஒருவர் இருந்திருப்பார். அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையென்றால், அந்த ஊர் மனிதர்களை அவர் பொருட்படுத்தவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கடையில் நின்றபடியே ஒரு நூலை எடைபோட முடியுமா?

முடியும். உங்கள் சொந்த மாவட்டத்தைப் பற்றிய பகுதியைத் திறந்து படியுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரைப் பற்றி அவர் என்ன எழுதியிருக்கிறாரோ, அதே தரத்தில்தான் தெரியாத ஊர்களைப் பற்றியும் எழுதியிருப்பார். தாலுகா பெயர் தவறு, பக்கத்து ஊர் தவறு, எந்தப் பஸ் நிலையத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்பதே இல்லை என்றால் நூலை அடுக்கிலேயே வைத்துவிடலாம். புகழ்ச்சி உரைகளையும் இணைய மதிப்பெண்களையும் விட இந்தச் சோதனை நம்பகமானது.

எழுதியவர் நேரில் போனாரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நார்த்தாமலையை வைத்துச் சொல்கிறேன். திருச்சி – புதுக்கோட்டைச் சாலையில் போகும்போது வெற்றுப் பாறைக் குன்றுகள் தெரியுமே, அந்த ஊர். போகாமல் எழுதுபவர் இப்படி எழுதுவார்: ‘இயற்கை எழில் கொஞ்சும் நார்த்தாமலையில் சோழர் காலக் கோயிலும் குகைகளும் உள்ளன. கலைநயம் மிக்க இவை காண்போர் மனதைக் கொள்ளை கொள்கின்றன. ஒருநாள் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம்.’ இதில் நார்த்தாமலை என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு எந்த ஊரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும்.

போனவருக்குச் சொல்ல வேறு விஷயங்கள் இருக்கும். விஜயாலய சோழீசுவரம் மேற்குப் பார்த்த கோயில். வெளியிலிருந்து பார்த்தால் சதுரம். உள்ளே கருவறை வட்டம். அதைச் சுற்றிச் சிறு சன்னதிகள், சில சிதைந்து நிற்கின்றன. எதிரே பாறையைக் குடைந்து எடுத்த இரண்டு குடைவரைக் கோயில்கள். ஒன்று பழியிலி ஈசுவரம், மற்றொன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன. ஏறும் வழியில் ஒரு சுனை. அதன் நீருக்கடியில் பாறையில் குடைந்த ஒரு சன்னதியும் லிங்கமும் இருக்கின்றன, நீர் நிறைந்திருந்தால் அவை கண்ணில் படாது. நிழல் இல்லாத பாறை என்பதால் நடுப்பகலில் கால் வைக்க முடியாது. காலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ போக வேண்டும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இப்படி எழுதியவர் அந்தப் பாறையில் நின்றவர். வெயில், வாசல் பார்க்கும் திசை, ஏறும் வழி, குடிநீர் ஆகிய நான்கும் பக்கத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உரிச்சொற்களை எண்ணுவதைவிட இதனால் பயன் அதிகம்.

கோயில்களைப் பற்றிய நூல் என்றால் தனியாக எதைப் பார்க்க வேண்டும்?

சாவியை. சிறிய ஊர்க் கோயில்கள் பலவும் ஒருகாலப் பூசைக் கோயில்கள். ஒரே குருக்கள் மூன்று நான்கு கோயில்களைப் பார்த்துக்கொள்வார். காலையில் வந்து விளக்கேற்றிவிட்டு அடுத்த கோயிலுக்குப் போய்விடுவார். ‘காலை 6 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை’ என்று எல்லாக் கோயிலுக்கும் ஒரே நேரத்தை அச்சிட்டிருக்கும் நூல் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பூட்டிய கதவின் முன் குடும்பத்தோடு நிற்கப்போவது நீங்கள்தான். குருக்கள் வீடு எந்தத் தெருவில், முதல் நாளே சொல்லிவைக்க வேண்டுமா, இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடமென்றால் காவலர் இருப்பாரா, கட்டணச் சீட்டு எங்கே வாங்குவது என்று எழுதியிருந்தால், அந்த ஒரு பத்திக்காகவே நூலை வாங்கலாம்.

வரலாற்றுத் தகவல் சரியா என்று சாதாரண வாசகர் எப்படிச் சரிபார்ப்பது?

வரலாற்று ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு இடங்களில் ஆராய்ச்சி எப்படி மாறியது என்று தெரிந்தால் போதும்.

சித்தன்னவாசல் சமணக் குகைக் கோயில் ஓவியங்களை முதலில் ஆராய்ந்தவர்கள் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவை என்று கருதினார்கள். அதாவது ஏழாம் நூற்றாண்டு. பின்னர் அங்குள்ள ஒரு கல்வெட்டு கவனத்துக்கு வந்தது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் அந்தக் குகைக் கோயிலின் மண்டபத்தைப் புதுப்பித்து, முன்மண்டபமும் எடுப்பித்தார் என்று அது சொல்கிறது. அதனால் இன்று எஞ்சியிருக்கும் ஓவியங்களை ஒன்பதாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தவையாகக் கொள்கிறார்கள். இன்றும் ஒரு கையேடு ‘மகேந்திரவர்மன் தீட்டிய ஓவியங்கள்’ என்று உறுதியாக எழுதினால், மிகப் பழைய நூல் ஒன்றிலிருந்து எடுத்தாண்டிருக்கிறது என்று பொருள்.

நார்த்தாமலையிலும் இதே கதைதான். விஜயாலய சோழீசுவரத்தின் பெயரில் விஜயாலயன் இருப்பதால், சோழ மன்னன் விஜயாலயன் கட்டிய கோயில் என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். கல்வெட்டோ, சாத்தன் பூதி என்னும் இளங்கோவதி அரையர் எடுத்த கற்றளி (கல்லால் கட்டிய கோயில்) என்றும், அது மழையில் இடிந்தபோது மல்லன் விதுமன் புதுப்பித்தார் என்றும் கூறுகிறது. மழையில் இடிந்து எழுந்த கோயில் என்பது எவ்வளவு அருமையான செய்தி! அதை விட்டுவிட்டு மன்னன் பெயரை மட்டும் போடும் கையேடு நமக்குச் சேர வேண்டியதைத் தராமல் விடுகிறது.

கொடும்பாளூர் மூவர் கோயிலையும் சேர்த்துப் பாருங்கள். பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்று தளிகளில் இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ‘அழகிய மூன்று கோயில்கள் அருகருகே நிற்கின்றன’ என்று எழுதியிருந்தால், எழுதியவர் அந்த வளாகத்துக்குள் கால் வைக்கவில்லை.

நூலில் அச்சான ஆண்டு அண்மையது. அப்படியானால் தகவலும் புதியதுதானே?

அவசியமில்லை. மறு அச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு. விவரப் பக்கத்தில் ‘முதற் பதிப்பு 2009, ஐந்தாம் அச்சு 2024’ என்று மட்டும் இருந்தால், உள்ளே இருப்பது 2009இன் தகவல்.

விவரப் பக்கமே தெளிவாக இல்லாவிட்டால் மாவட்டப் பெயர்களைப் பாருங்கள். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு ஆகியவை தனி மாவட்டங்கள் ஆயின, 2020இல் மயிலாடுதுறை. ஏலகிரி இன்னும் வேலூர் மாவட்டத்தில், குற்றாலம் திருநெல்வேலி மாவட்டத்தில், தரங்கம்பாடி நாகப்பட்டினம் மாவட்டத்தில் என்று இருந்தால், அந்தப் பக்கங்களை அதன் பிறகு எவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

தனுஷ்கோடி இன்னும் நல்ல அளவுகோல். 1964 டிசம்பர் புயலில் அழிந்த அந்த ஊரைத் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் தார்ச்சாலை வந்துவிட்டது. ‘மணலில் வேனில்தான் போக முடியும்’ என்று எழுதியிருந்தால் அது அதற்கு முந்தைய பயணம். ராமேசுவரம் ரயில் 1914இல் திறந்த பழைய பாலத்தின் மேல் போவதாக எழுதியிருந்தாலும் அப்படித்தான். 2022 டிசம்பரிலேயே அந்தப் பாலத்தில் ரயில்கள் நின்றுவிட்டன, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

படங்கள் அழகாக இருக்கின்றன. அவற்றை நம்பலாமா?

எந்த மாதத்தில் எடுத்தது என்று எழுதியிருந்தால் நம்பலாம். சாரல் காலக் குற்றாலமும் ஏப்ரல் மாதக் குற்றாலமும் ஒரே இடம்தானா என்று சந்தேகம் வரும். வேடந்தாங்கலில் பறவைகள் நிறைந்திருப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை; ஏரி வற்றிய மாதத்தில் போய்ப் பார்த்தால் மரங்கள்தான் இருக்கும்.

ஓவியங்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். சித்தன்னவாசலின் தாமரைக் குளம் பல நூல்களில் பளிச்சென்ற வண்ணங்களில் வருகிறது. நேரில், விதானத்தில் மங்கிய பச்சையும் செம்மண் நிறமும் திட்டுத் திட்டாக எஞ்சியிருக்கும். சற்று நேரம் அண்ணாந்து நின்று கண்ணைப் பழக்கினால்தான் மீன், அன்னம், யானை, தாமரை கொய்யும் ஆள் என்று ஒவ்வொன்றாகப் பிடிபடும். அந்த மங்கலுக்குள் தேடிக் காண்பதே அங்கு கிடைக்கும் பெரிய இன்பம். கையேடு அதைச் சொல்லி அனுப்ப வேண்டும். பளிச்சிடும் படத்தை நம்பிப் போனவர் ஏமாற்றத்தோடு இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார். மலையின் மேலே ஏழடிப்பட்டம் என்னும் குகைக்கு ஏறி, சமணத் துறவிகளுக்காகப் பாறையில் செதுக்கிய வழவழப்பான படுகைகளையும், தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டையும் பார்க்க அவருக்கு மனமே இருப்பதில்லை.

‘ஏழைகளின் ஊட்டி’, ‘இந்தியாவின் நயாகரா’ போன்ற பட்டங்கள்?

ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் இந்தப் பட்டங்கள் நெடுநாளாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றால் அந்த ஊர்களுக்கு நன்மை எதுவும் இல்லை. இரவல் பட்டம் வந்த இடத்தில் சொந்த விவரம் குறையும். பட்டத்துக்கு அடுத்த வரியில் என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

பட்டியல் நீளமாக இருந்தால் நல்லதுதானே?

இல்லை. 200 பக்கத்தில் 150 இடங்கள் என்றால், படத்துக்குப் போக ஓர் இடத்துக்கு முக்கால் பக்கம்கூட மிஞ்சாது. அதில் வழி எழுத இடமில்லை. பதினைந்து இருபது இடங்களை நன்றாக எழுதிய நூலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

காடு, மலையேற்றம், அருவி பற்றிய நூல்களை எப்படி மதிப்பிடுவது?

இங்கே தவறு நேர்ந்தால் நேரமும் பணமும் மட்டும் போவதில்லை, உயிரே போகலாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், இளம்பெண்கள். அதே ஆண்டில் மலையேற்றத்தை முறைப்படுத்த அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைத் தமிழக அரசு தொடங்கியது. காட்டுத்தீ அபாயம் கருதிக் கோடையில் பாதைகள் மூடப்படுவதும் உண்டு.

ஆகவே ஒரு மலைப்பாதையைப் பரிந்துரைக்கும் நூலில் வனத்துறை அனுமதி பற்றிய பத்தி இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ‘அனுமதி இல்லாமலேயே ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்’ என்று எழுதியிருந்தால் அந்த நூலை வாங்காதீர்கள், பிறருக்கும் கொடுக்காதீர்கள். அந்த ஊர்க்காரர் மீது வழக்கு வரும் என்பதைக்கூட எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

அருவிக்கு இறங்கும் படிகளும் இந்தக் கணக்கில் வரும். கொல்லிமலைக்குப் போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்பதை எல்லா நூலும் எழுதிவிடும். அரப்பளீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், குளித்த பிறகு அத்தனையும் ஏற வேண்டும் என்பதை எழுதுகிறதா? முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகிறவருக்கு வளைவுகளின் எண்ணிக்கையை விடப் படிகளின் எண்ணிக்கைதான் முக்கியம்.

நல்ல கையேடு என்றால் எப்படி இருக்க வேண்டும்? முன்மாதிரி உண்டா?

தமிழிலேயே இருக்கிறது, ஈராயிரம் ஆண்டுப் பழமையான மரபு. ஆற்றுப்படை நூல்களின் அமைப்பே, போய் வந்தவன் போகப்போகிறவனுக்கு வழி சொல்வதுதான். அவற்றில் மலைபடுகடாம் 583 அடிகள். நன்னன் என்ற குறுநில மன்னனின் ஊரான செங்கண்மாவுக்குப் போகும் கூத்தருக்கு வழி சொல்கிறது. மலையின் அழகும் அருவியின் ஓசையும் அதில் நிறைய உண்டு. ஆனால் அதோடு நிற்பதில்லை. புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காக அவை நுழையும் வழிகளில் பெரிய கற்பொறிகளை மாட்டி வைத்திருப்பார்கள், ஆகையால் விடிந்த பிறகே நடங்கள் என்கிறது. பாம்புகள் எங்கே கிடக்கும் என்கிறது. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள், அது உங்கள் மேல் படாமல் மறைந்து போங்கள் என்கிறது. வழுக்கும் இடத்தில் எதைப் பற்றிக்கொண்டு நடக்க வேண்டும், இரவானால் எங்கே தங்கலாம், எந்த ஊரில் என்ன உணவு கொடுப்பார்கள் என்பதெல்லாம் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம், பாதை பிரியும் சந்தியில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லும் இடம். பின்னால் வருகிறவர்கள் வழி தவறக் கூடாது என்ற அந்த அக்கறை, இன்றைய கையேட்டை எழுதுபவருக்கும் வேண்டும்.

இத்தனை சொல்லியும், போக வேண்டும் என்ற ஆசையை அந்தப் பாட்டு குறைக்கவில்லை. அபாயத்தை எழுதினால் வாசகர் பயந்துவிடுவார் என்று தயங்கும் பதிப்பாளர்கள் அதை ஒருமுறை படிக்க வேண்டும்.

கைபேசியில் வரைபடமே இருக்கும்போது நூல் எதற்கு?

வழி தெரியக் கைபேசி போதும். பாதி மலைகளில் சிக்னல் கிடைக்காது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம், எந்த வரிசையில் போனால் வெயிலுக்கு முன் மேலே ஏறி இறங்கலாம் என்று பொறுப்போடு சொல்ல ஒருவர் வேண்டும். சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், நார்த்தாமலை, திருமயம் ஐந்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று வரைபடம் காட்டும். ஓடி ஓடிப் பார்த்தால் முடியலாம். நிதானமாக இரண்டு இடம் போதும் என்று சொல்பவர்தான் நல்ல வழிகாட்டி.

எழுதி எழுதியே அந்த இடங்கள் கெட்டுப்போகாதா?

இந்தக் கவலை நியாயமானது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் இல்லாமல் போக முடியாது என்ற நிலை, உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வந்தது. மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குன்றுகளில் ஈராயிரம் ஆண்டுப் படுகைகளின் மேல் காதலர் பெயர்களைக் கீறியிருப்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறும்.

ஆனாலும் மறைத்து வைப்பது காப்பாற்றும் என்று நான் நினைக்கவில்லை. மதுரைக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குடைவரை, சமணர் படுகை, தமிழிக் கல்வெட்டு, சுனைகள், வல்லூறுகள் எல்லாம் உள்ள மலை. 2024இல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. போராட்டம் அவர்களுடையது. அந்த மலையில் என்ன இருக்கிறது என்று வெளியூரிலும் பலருக்குத் தெரிந்திருந்தது அவர்களுக்குத் துணையாக இருந்தது என்பது என் கருத்து.

எனவே கையேட்டில் நான் தேடுவது, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற பகுதியை. எத்தனை பேர் சேர்ந்து போகலாம், எந்த இடத்தில் செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே படம் எடுக்கக் கூடாது, குப்பையை எங்கே கொண்டுவந்து போட வேண்டும், ஊரில் எந்தக் கடையில் சாப்பிட்டால் அங்குள்ளவருக்கு நாலு காசு கிடைக்கும் என்பதை எழுதியிருக்க வேண்டும்.

ஆசிரியர் ‘அங்கே போக வேண்டாம்’ என்று எங்காவது எழுதியிருந்தால்?

நல்ல அறிகுறி. ஓர் இடத்தையாவது குறை சொல்லத் துணிந்தவர் புகழும்போது அந்தப் புகழ்ச்சிக்கு மதிப்பு உண்டு.

போய்ப் பார்த்தபோது நூலில் தவறு இருந்தது. என்ன செய்வது?

பதிப்பகத்துக்கு எழுதுங்கள். ‘நூல் மோசம்’ என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. பக்க எண், நீங்கள் போன தேதி, எந்தப் பஸ்ஸில் போனீர்கள், எந்த வாசல் பூட்டியிருந்தது, சாவி யாரிடம் இருந்தது, கட்டணம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். முடிந்தால் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்து அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் திருத்தும் பதிப்பகங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நூல்களின் முன்னுரையில், திருத்தங்கள் அனுப்பிய வாசகர்களுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். கடையில் நூலைப் புரட்டும்போது அந்த நன்றிப் பகுதியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.